சின்ன மைதானம்னா இளப்பமா?



கோல்ஃப் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? தொப்பி போட்ட பணக்கார மாமா, அவர் பின்னால் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஒருவர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளி, வாசலில் 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று ஒரு பலகை. சினிமாவில் வில்லன்கூட கோல்ஃப் ஆடிக்கொண்டேதான் திட்டம் போடுவார்! எனக்கும் அப்படித்தான் தோன்றும். 2023ஆம் வருஷம் ஜூன் மாதம் அயர்லாந்துக்குப் போகும்வரை.

அயர்லாந்தின் தெற்கே கார்க் என்று ஓர் ஊர். அந்த நாட்டில் டப்ளினுக்கு அடுத்த பெரிய நகரம். அங்கேதான் என் தம்பி வேலை பார்க்கிறான். போன மூன்றாம் நாள், அவன் ஆபீஸ் நண்பர் ஒருவர் சாப்பிட வந்தார். கோயம்புத்தூர்க்காரர். கோல்ஃப் என்றால் உயிர். சாம்பார் ஊற்றுவதற்குள் கோல்ஃப் பேச ஆரம்பித்துவிட்டார். அப்போது 10 வயதான என் தம்பி மகள், "அத்தை, நாளைக்கு நான் உங்களை பிட்ச் அண்ட் பட் ஆட கூட்டிட்டுப் போறேன்!" என்றாள்.

நண்பர் சிரித்தார். "அதெல்லாம் கோல்ஃபே இல்லக்கா. பொம்மை விளையாட்டு. பசங்க பொழுதுபோக்க போவாங்க."

அவள் முகம் சுருங்கிப் போனது. தட்டில் இருந்த அப்பளத்தைத் தூள் தூளாக நொறுக்கினாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாததால் என்னாலும் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

மறுநாள் ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகுதான் கிளம்பினோம். "என்னது, ராத்திரியா?" என்று கேட்கிறீர்களா? ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பதரை மணிக்கும் நல்ல வெளிச்சம் இருக்கும். பத்து மணி ஆகப் போகும்போதுதான் சூரியனுக்குத் தூக்கம் வரும்.

பெரிய வாசல், காவலாளி என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு இரும்புக் கேட், ஒரு மரக் கொட்டகை, அதன் ஜன்னலில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு தாத்தா. அவ்வளவுதான்! கட்டணமும் ஓட்டலில் ஒருவர் சாப்பிடும் செலவைவிடக் குறைவு. ஆளுக்கு இரண்டு மட்டை, ஒரு வெள்ளைப் பந்து, மதிப்பெண் எழுத ஓர் அட்டை, சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பென்சில் கொடுத்தார். என்னிடம் செருப்பைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. "செருப்போடு ஆடலாமா?" என்றேன். "கால் இருந்தால் போதும்" என்றார் தாத்தா.

உள்ளே போனால், அழகோ அழகு! ஒரு பெரிய பள்ளிக்கூட மைதானத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதற்குள்ளேயே 18 குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பாய் விரித்த மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை, நடுவே கொடி. இந்தக் கொடிக்கும் அந்தக் கொடிக்கும் நடுவே ஒரு மேடு, இரண்டு மரம், மஞ்சள் பூ பூத்த முள்புதர்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேரிலேயே விஷயம் இருக்கிறது. 'பிட்ச்' என்றால் பந்தை உயரமாகத் தூக்கி அடித்து, கொடி இருக்கும் புல்தரையில் போய் விழ வைப்பது. 'பட்' என்றால் அங்கிருந்து மெல்லத் தட்டி, குழிக்குள் உருட்டிவிடுவது. பெரிய கோல்ஃபில் ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் போக அரை கிலோமீட்டர்கூட நடக்க வேண்டியிருக்கும். 18 குழிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். 14 மட்டைகள் வரை எடுத்துப் போகலாம். ஆடி முடிக்க நாலு மணி நேரம். பிட்ச் அண்ட் பட் சர்வதேசப் போட்டிகளில் ஒரு குழியின் தூரம் 90 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 18 குழிகளும் சேர்ந்து 1200 மீட்டரைத் தாண்டக் கூடாது. மட்டைகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று உருட்டுகிற மட்டையாக இருக்க வேண்டும்.

நம்ம நண்பர் சொன்ன மாதிரி, கேட்டால் 'இவ்வளவுதானா?' என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் அடி அடிக்கும் வரை!

குழி 50 மீட்டர் தூரத்தில். கண்ணுக்கு நேரே கொடி ஆடுகிறது. சின்ன வயதில் கில்லி அடித்த கை அல்லவா? ஓங்கி விட்டேன் ஒன்று. மட்டை பந்தின் தலையைத் தடவிவிட்டுப் போனது. பந்து தரையோடு தரையாக ஓடி, பத்தடி தள்ளி நின்றது. அடுத்த அடி இன்னும் பலமாக. இந்தத் தடவை பந்து கொடியைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, முள்புதருக்குள் போய் விழுந்தது. "அத்தை, பந்துக்கு ஒரு யூரோ!" என்று கத்தினாள் மருமகள். தேடி எடுப்பதற்குள் கையெல்லாம் கீறல்.

அப்புறம் அவள் அடித்தாள். மட்டையை இடுப்புக்கு மேல் தூக்கவே இல்லை. 'டிக்' என்று ஒரு சத்தம். பந்து அழகாக எழும்பி, கொடிக்குப் பக்கத்தில் விழுந்து, ஓடாமல் அப்படியே நின்றது.

"எப்படிடீ?"

"நீங்க பந்தைத் தூக்கப் பார்க்கறீங்க அத்தை. தூக்கக் கூடாது. மட்டையே தூக்கிடும்."

பத்து வயசுக் குழந்தை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த மட்டையின் முகத்தைப் பார்த்தால் புரியும். செங்குத்தாக இருக்காது, வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பிட்சிங் மட்டைகளில் அந்தச் சாய்வு ஏறக்குறைய 45 டிகிரி. பந்தை நேராக அடித்தாலே, அந்தச் சாய்வு அதை மேலே கிளப்பிவிடும். அதோடு, மட்டையின் முகத்தில் கோடு கோடாகப் பள்ளம் போட்டிருக்கும். அது பந்தைப் பிடித்துப் பின்பக்கமாகச் சுழல விடும். பின்பக்கமாகச் சுழலும் பந்து தரையில் விழுந்ததும் முன்னால் ஓடாமல் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடும். நாமே தூக்கிவிடுகிறேன் என்று மட்டையை மேலே இழுத்தால், அது பந்தின் மண்டையில் பட்டு, பந்து தரையோடு ஓடும். எனக்கு நடந்தது அதுதான்.

பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 46 கிராமுக்கு மேல் எடை இருக்கக் கூடாது. உடம்பு முழுக்க நூற்றுக்கணக்கான குட்டிப் பள்ளங்கள். அழகுக்காக என்று நினைத்தேன். கிடையாது! அந்தப் பள்ளங்கள் பந்தை ஒட்டியுள்ள காற்றைக் கலக்கி, பந்தைப் பின்னால் இழுக்கும் விசையைக் குறைக்கின்றன. வழவழவென்று இருந்தால் ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும்.

சரி, ஒரு வழியாகப் புல்தரைக்கு வந்தாயிற்று. இனி உருட்ட வேண்டியதுதானே என்று நினைத்தேன். குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர். பந்து 4.3 சென்டிமீட்டர். இரண்டு பந்து பக்கத்தில் பக்கத்தில் நுழையலாம். நாலடி தூரம். என்ன கஷ்டம்? நான்கு தடவை தட்டினேன், குட்டீஸ்! ஒரு தடவை இடப்பக்கம் போனது. ஒரு தடவை குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்து என்னைப் பார்த்தது. தரை சமமாகத் தெரிந்தாலும் சமமாக இல்லை. மருமகள் பந்துக்குப் பின்னால் தவளை மாதிரி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்தாள். மழை பெய்து புல் ஈரமாக இருந்தால் பந்து மெதுவாக உருளும், அதையும் கணக்குப் பண்ண வேண்டும் என்றாள். கணக்குப் பரீட்சையில்கூட அவ்வளவு யோசித்திருப்பாளா தெரியாது.

அந்த இடத்தில் எனக்கே ஒரு கணக்குத் தோன்றியது. நீங்களும் போட்டுப் பாருங்கள். கோல்ஃபில் 'பார்' என்று ஒன்று உண்டு. நன்றாக ஆடுகிறவருக்கு ஒரு குழியை முடிக்க எத்தனை அடி ஆகும் என்ற எண்ணிக்கை. பிட்ச் அண்ட் பட்டில் எல்லாக் குழிக்கும் பார் 3. தூக்கி அடிக்க ஒன்று, உருட்டித் தட்ட இரண்டு. 18 குழிக்கு 54. பெரிய கோல்ஃபில் பெரும்பாலும் பார் 72. அதிலும் ஒவ்வொரு குழிக்கும் உருட்டுவதற்கென்று இரண்டு அடி ஒதுக்கியிருக்கிறார்கள். 18 குழிக்கு 36. அதாவது 72-இல் சரிபாதி! ஐந்நூறு மீட்டர் தூரத்துக் குழியானாலும் சரி, ஐம்பது மீட்டர் தூரத்துக் குழியானாலும் சரி, கடைசியில் புல்தரையில் நின்று அதே குட்டிக் குழிக்குள் அதே பந்தைத் தட்டித்தான் ஆக வேண்டும். நம்ம நண்பர் 'பொம்மை' என்றாரே, அந்தப் பொம்மைதான் அவருடைய பெரிய கோல்ஃபின் பாதி!

எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி தனியாக ஆடிக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ். ஒரு கையில் இரண்டு மட்டை, மறு கையில் நாயின் கயிறு. எங்கள் பந்து தறிகெட்டுப் பறப்பதைப் பார்த்துப் பயந்தாரோ என்னவோ, ஓரமாக நின்று, "நீங்கள் முதலில் போங்கள்" என்று கை காட்டினார். (உங்கள் பந்து யாரையாவது நோக்கிப் போனால் 'ஃபோர்!' என்று கத்த வேண்டும். அன்றைக்கு என் தொண்டையே கட்டிவிட்டது.) பின்னால் ஒரு பஸ் டிரைவர், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், மகனோடு வந்திருந்தார். அதற்கும் பின்னால் பள்ளிக்கூடப் பையன்கள் நாலு பேர், மூன்று மட்டையை நாலு பேரும் மாற்றி மாற்றி அடித்தபடி.

இந்தக் கூட்டத்தைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இவர்களில் எத்தனை பேரை ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் பார்க்க முடியும்? அங்கே மட்டைகள் வாங்கவே பெரிய பணம் வேண்டும். சேர்வதற்குப் பணம், வருஷா வருஷம் பணம். அதைவிட முக்கியம், நாலு மணி நேரம் ஓய்வு வேண்டும். வேலை முடிந்து வரும் டிரைவருக்கு நாலு மணி நேரம் யார் கொடுப்பார்கள்? பிட்ச் அண்ட் பட் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இந்த ஆட்டம் முறையான போட்டி விளையாட்டாக வளர்ந்ததே அயர்லாந்தில்தான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், அதிலும் நான் போயிருந்த அதே கார்க் பகுதியில்தான் அது வேர் விட்டது. அங்கிருந்து மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் போனது. 2006-இல் சர்வதேசச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். பொம்மைக்கு யாராவது சர்வதேசச் சங்கம் வைப்பார்களா?

இந்தச் 'சின்ன' விஷயத்துக்கு இன்னொரு கதை உண்டு. அது நடந்தது பக்கத்து நாடான ஸ்காட்லாந்தில். அங்கே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடலோர ஊர் இருக்கிறது. கோல்ஃபின் தாய்வீடு என்றே சொல்வார்கள். 150 வருஷங்களுக்கு முன்னால் அங்கே பெண்கள் கோல்ஃப் ஆட ஆசைப்பட்டார்கள். அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களோ, பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசினால் பார்க்க நன்றாக இருக்காது என்று நினைத்தார்கள். சிரிப்பு வருகிறதா? அன்றைக்கு அது சிரிப்பான விஷயமாக இல்லை. கடைசியில் அவர்களுக்குக் கிடைத்தது மேடும் பள்ளமுமான ஒரு துண்டு நிலம். மட்டையைத் தூக்கவே தேவையில்லை, உருட்டினால் மட்டும் போதும். 1867-இல் அங்கே பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பமானது.

அந்த மேடுபள்ள மைதானத்துக்கு என்ன பேர் தெரியுமா? 'ஹிமாலயாஸ்'! ஆமாம், நம் இமயமலைதான். இன்றைக்கும் அது இருக்கிறது. சிறிய கட்டணம் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம். ஆண், பெண், சுற்றுலா வந்தவர், அழுதுகொண்டே வரும் மூன்று வயசுக் குழந்தை, எல்லாரும். ஆனால் அதே ஊரில் இருக்கும் புகழ்பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கோல்ஃப் கிளப், பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று எப்போது ஓட்டுப் போட்டது? 2014-இல்! 1867-இல் இருந்து கழித்துப் பாருங்கள். 147 வருஷம்! அயர்லாந்தில் டப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள போர்ட்மார்னாக் என்ற பெரிய கிளப்புக்கு இன்னும் தாமதம், 2021.

பெரிய கதவு திறக்க ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சின்னத் துண்டு நிலத்தில் மட்டும் அத்தனை நாளும் ஆட்டம் நடந்துகொண்டே இருந்தது. அதனால்தான் 'சின்ன மைதானம்' என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் எனக்குப் பொறுக்கவில்லை.

"சரி ஆன்ட்டி, ஆனால் சின்ன இடத்தில் ஆடினால் சின்ன ஆட்டக்காரராகத்தானே வர முடியும்?" என்று உங்களில் ஒரு புத்திசாலி கேட்கலாம். நல்ல கேள்வி. பதிலுக்கு ஸ்பெயின் நாட்டுக்குப் போவோம்.

ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையில் பெத்ரேனியா என்று ஒரு கிராமம். அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1957-இல் பிறந்தவர் செவ்வே பாயெஸ்தெரோஸ். ஊரில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது, ஆனால் அது இவரைப் போன்ற சிறுவர்கள் இஷ்டத்துக்கு உள்ளே போய் ஆடும் இடமில்லை. அண்ணன் ஒரு பழைய மட்டை கொடுத்தார். ஒன்றே ஒன்று! அதுவும் '3 அயர்ன்' எனப்படும் மட்டை. முகம் அவ்வளவாகச் சாய்ந்திருக்காது. பந்தைத் தூரமாக விரட்டத்தான் லாயக்கு, பக்கத்தில் பூப்போல இறக்க உதவாது. பையன் அதை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஆடினான். பந்து கிடைக்காதபோது கூழாங்கல். மட்டையின் முகத்தைக் கையாலேயே கொஞ்சம் திருப்பிச் சாய்த்துப் பிடித்தால், விரட்டுகிற மட்டையே தூக்குகிற மட்டையாகும் என்று தானே கண்டுபிடித்தான். மணலில் இருந்து, புதரில் இருந்து, பாறை இடுக்கில் இருந்து, எல்லா இடத்திலிருந்தும் ஒரே மட்டையால் அடித்துப் பழகினான்.

அந்தப் பையன்தான் 1979-இல், 22 வயதில், பிரிட்டிஷ் ஓப்பன் கோப்பையை வென்றார். அந்தப் போட்டியின் கடைசி நாளில் அவர் அடித்த ஒரு பந்து, கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் போய் விழுந்தது. மற்றவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். இவரோ அங்கிருந்து பந்தை அழகாகப் புல்தரைக்குக் கொண்டுவந்து, அந்தக் குழியை பாருக்கு ஓர் அடி குறைவாகவே முடித்தார். அடுத்த வருஷம் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டம். அதை வென்ற முதல் ஐரோப்பியர் அவர்தான். மொத்தம் ஐந்து பெரிய பட்டங்கள். 2011-இல் காலமானார். கொடிக்குப் பக்கத்தில் நின்று ஆடும் குட்டி அடிகளில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. எத்தனையோ ஏக்கர் மைதானத்தில் அல்ல, ஒரு துண்டு மணலில் வந்த வித்தை அது.

அதற்காக, பெரிய மைதானமே வேண்டாம், எல்லாரும் சின்னதிலேயே ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நண்பர் பக்கமும் நியாயம் இருக்கிறது. முந்நூறு அடி தாண்டி எங்கோ புள்ளியாகப் பறக்கும் பந்தைப் பார்க்கும் சந்தோஷம் பிட்ச் அண்ட் பட்டில் கிடைக்காது. காற்றை எதிர்த்து அடிப்பது, ஆற்றைத் தாண்டி அடிப்பது, இன்ன தூரத்துக்கு இன்ன மட்டை என்று பதினான்கில் ஒன்றைப் பொறுக்குவது, இதெல்லாம் பெரிய ஆட்டத்தில்தான். உண்மையைச் சொன்னால், பன்னிரண்டாவது குழி வரும்போது எனக்கே கொஞ்சம் அலுத்துவிட்டது. எல்லாக் குழியும் ஒரே மாதிரி தெரிந்தது. (மருமகளிடம் சொல்லிவிடாதீர்கள்!)

ஆனால் 'வேறு மாதிரியான ஆட்டம்' என்று சொல்வதும், 'ஆட்டமே இல்லை' என்று சொல்வதும் ஒன்றா? இரண்டாவதாகச் சொல்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதைக் கொட்டகைத் தாத்தாதான் எனக்குக் காட்டினார்.

மட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். பதினைந்து வருஷம் என்றார். அதற்கு முன்னால் ஊருக்கு இன்னும் பக்கத்தில் வேறொரு மைதானத்தில் இருந்தாராம். அவர் சின்னப் பையனாக ஆடக் கற்றுக்கொண்டது அங்கேதான். இப்போது அந்த இடத்தில் வரிசையாக வீடுகள். "ஏழாவது குழி இருந்த இடத்தில் ஒருவருடைய சமையலறை இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுகிறவரைவிட, இப்படிச் சிரிக்கிறவரைப் பார்த்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

யோசித்துப் பாருங்கள், குட்டீஸ். சின்ன மைதானம் ஏன் நல்லது? ஊருக்குள்ளேயே இருக்கும், நடந்தோ சைக்கிளிலோ போகலாம். ஆனால் ஊருக்குள் இருக்கும் நிலத்துக்குத்தான் விலை அதிகம். எது அதற்குப் பலமோ அதுவே ஆபத்து! அந்த நிலத்தை வேறு எதற்காவது எடுக்கலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசும்போது, 'அங்கே என்ன நடக்கிறது? ஏதோ பொம்மை விளையாட்டு, பசங்க பொழுதுபோக்க போவாங்க' என்று ஒருவர் சொன்னால் போதும். மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பஸ் டிரைவரின் மகன் இருக்க மாட்டான். நாய்ப் பாட்டியும் இருக்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் விளையாட்டாகச் சொல்லும் வார்த்தைதான், ஆனால் அது அங்கேயும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வீடு வேண்டாமா என்றால், வேண்டும்தான். வீடில்லாத குடும்பத்திடம் போய், 'எங்களுக்குக் குழிதான் முக்கியம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்குப் போடும்போது இரண்டு பக்கமும் எழுதித்தானே போட வேண்டும்? நிலத்தின் விலை ஒரு பக்கம் என்றால், ஒன்றரை மணி நேரத்தில் அங்கே யார் யார் சந்தோஷமாக ஆடிவிட்டுப் போனார்கள் என்பதை இன்னொரு பக்கம் எழுத வேண்டும். அதை எழுதாமல் போடும் கணக்குக்கு நான் மார்க் போட மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. தம்பி, நண்பரையும் கட்டாயப்படுத்தி அழைத்து வந்துவிட்டான். கார் டிக்கியில் பதினான்கு மட்டை உள்ள பெரிய பை. "இங்க மூணுக்கு மேல கூடாது அங்கிள்" என்று மருமகள் கறாராகச் சொல்லிவிட்டாள். மூன்றை எடுத்தார். அவர் தூக்கி அடித்த அழகைச் சொல்ல வேண்டும். பந்து தேவதை மாதிரி இறங்கியது. நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். ஆனால் புல்தரையில் தடுமாறினார். மூன்றடி தூரத்தில் இருந்து இரண்டு தடவை தவறவிட்டார். ஐந்தாவது குழிக்குப் பிறகு பேச்சே இல்லை. பத்தாவது குழியில் தவளை மாதிரி உட்கார்ந்து சரிவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்!

முடிவில் அவர்தான் ஜெயித்தார். 60 அடி. மருமகளுக்கு 74. என் எண்ணிக்கை மூன்று இலக்கம், அதற்கு மேல் கேட்காதீர்கள். கார் ஏறும்போது அவர் மருமகளிடம், "ஆறு அடி அதிகமாயிடுச்சு பாப்பா. அம்பத்தி நாலுக்கு முடிக்கலாம்னு வந்தேன்" என்றார். "பரவாயில்ல அங்கிள், முதல் தடவைதானே" என்று தேற்றினாள் அவள்.

இப்போது அவள் சனிக்கிழமை காலையில் அங்கே நடக்கும் சிறுவர் பயிற்சிக்குப் போகிறாள். போன மாதம் போனில் பேசினோம். 61-க்கு இறங்கிவிட்டாளாம். "அடேயப்பா! அப்போ பெரிய மைதானத்துக்கு எப்போ போகப் போறே?" என்று கேட்டேன்.

"போலாம் அத்தை, என்ன அவசரம்? இங்க பதினோராவது குழி எனக்கு இன்னும் அடங்க மாட்டேங்குது!"